35 மணி நேரமும் ஒரே சந்தாவில் முடியுமா? செவிலியர் பயிற்சித் தளம் ஒன்றை ஓராண்டு பயன்படுத்திய பின்

இங்கிலாந்தில் ஒரு பொது மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். என் பதிவை இரண்டாம் முறையாகப் புதுப்பிக்க வேண்டிய தேதிக்குப் பதினான்கு மாதங்கள் இருந்தபோது, ஆண்டுக்கு 48 பவுண்டு கட்டி, செவிலியர்களுக்கான இணையவழிப் பயிற்சித் தளம் ஒன்றில் சந்தாதாரராகச் சேர்ந்தேன். 'ரீவாலிடேஷனுக்குத் தேவையான 35 மணி நேரமும் இங்கேயே' என்று அதன் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ரீவாலிடேஷன் என்பது பதிவைப் புதுப்பிக்கும் முறை, 35 மணி நேரம் என்பது அதற்கு நாம் காட்ட வேண்டிய கற்றல். அந்த வாக்கு எவ்வளவு தூரம் மெய், கட்டிய பணத்துக்கு என்ன கிடைத்தது, யார் இதை வாங்கலாம் என்பதை ஓராண்டு பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். தளத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதே வார்ப்பில் வேறு தளங்களும் விற்பனையில் இருப்பதால், வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பது பெயரைவிட அதிகம் பயன்படும்.

முதலில் விதியைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்தத் தளத்தின் தரத்தை அளக்க வேறு அளவுகோல் இல்லை. பிரிட்டனில் செவிலியர் பதிவேட்டை வைத்திருக்கும் என்.எம்.சி., 2016 ஏப்ரலில் இருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ரீவாலிடேஷன் என்ற முறையில் பதிவைப் புதுப்பித்து வருகிறது. அதற்கு முன்பிருந்த 'பிரெப்' முறையிலும் 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரக் கற்றலும் கேட்கப்பட்டன. ஆனால் அன்று நாமே கையெழுத்திட்டுச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட துன்பத்தை விசாரித்து 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் அறிக்கை, செவிலியர்களின் தகுதியை அவ்வப்போது சரிபார்க்கும் முறை வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் பிறகு வந்த புதிய முறையில் அதே 450 மணி நேரமும் 35 மணி நேரமும் நீடித்தாலும், அவற்றைச் சுற்றி வேறு நிபந்தனைகள் சேர்ந்தன. நம் பணி குறித்துப் பிறர் சொன்ன ஐந்து கருத்துகள், நாம் கற்றதையும் செய்ததையும் திரும்பிப் பார்த்து எழுத வேண்டிய ஐந்து ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட்கள், அவற்றை வைத்து என்.எம்.சி. பதிவுள்ள இன்னொருவரோடு நேருக்கு நேர் ஓர் உரையாடல், உடல்நலம், நன்னடத்தை, இழப்பீட்டுக் காப்பு பற்றிய உறுதிமொழிகள், கடைசியாக எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்திடும் ஒரு கன்ஃபர்மர் என்று பட்டியல் நீள்கிறது. முழுநேரப் பணியில் வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம் வேலை செய்பவருக்குப் பன்னிரண்டே வாரங்களில் 450 மணி நேரம் சேர்ந்துவிடும் என்பதால், அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கவலையெல்லாம் அந்த 35 மணி நேரத்தின்மேல்தான். தளங்களின் வியாபாரமும் அந்தக் கவலையின்மேல்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சி.பி.டி. (தொடர் தொழில்முறை வளர்ச்சி) என்று நாங்கள் சொல்லும் அந்த 35 மணி நேரத்தில் குறைந்தது 20 மணி நேரமாவது பங்கேற்புக் கற்றலாக இருக்க வேண்டும். அதாவது வேறொருவரோடு அல்லது ஒரு குழுவோடு பேசி, கேட்டு, செய்து கற்றதாக இருக்க வேண்டும். அந்தக் குழு ஒரே அறையில் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை, இணையத்திலும் கூடலாம். எதிரில் இருப்பவர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து காணொலி பார்த்து, பத்துக் கேள்விகளுக்கு டிக் செய்து வாங்கும் சான்றிதழ் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே இந்தத் தளத்தில் உள்ள அத்தனை பாடங்களையும் ஒன்று விடாமல் முடித்தாலும், விதிப்படி எனக்கு உதவக்கூடியது 15 மணி நேரம் மட்டுமே. முகப்பில் 35 என்று போட்டிருந்தவர்கள், பங்கேற்புக் கற்றலைப் பற்றி 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பகுதியின் அடியில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவசரத்தில் இருக்கும் செவிலியர் அந்த அடிவரி வரை போகமாட்டார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

கடந்த ஆண்டு எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்த மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி, "48 பவுண்டில் எல்லாம் முடியுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடலாமே அக்கா?" என்று கேட்டபோதுதான் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஊரில் சி.என்.இ. எனும் தொடர் செவிலியக் கல்வி வகுப்புகளுக்குப் போய், மாலையில் கிரெடிட் நேரம் அச்சிட்ட சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துப் பழகிய எங்களுக்கு, சான்றிதழ்தான் கற்றலின் முடிவு என்ற எண்ணம் எளிதில் போவதில்லை. இங்கே சான்றிதழ் ஓர் ஆதாரம் மட்டுமே. எந்த நாளில், எத்தனை மணி நேரம், எதைக் கற்றோம், அது நம் பணியோடு எப்படித் தொடர்புடையது, என்.எம்.சி.யின் நடத்தை விதித்தொகுப்பில் எந்தப் பகுதியைச் சார்ந்தது என்று நாம் எழுதிவைக்கும் பதிவுதான் முக்கியம். அந்தப் பதிவுகளையும் என்.எம்.சி.யின் தளத்தில் ஏற்ற வேண்டியதில்லை. செய்திருக்கிறோம் என்று அறிவித்தால் போதும். ஆனால் சரிபார்ப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் கேட்பவற்றுக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும்.

இனி தளத்துக்கு வருகிறேன். சேர்வது எளிது, 'பின்' எனப்படும் என்.எம்.சி. பதிவு எண்ணைக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். நான் சேர்ந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் இருந்தன: படுக்கைப் புண், செப்சிஸ் (நோய்த்தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலை), நீரிழிவு, மறதிநோய், வலி, நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு, மருந்துப் பிழைகள், இறுதிக்காலப் பராமரிப்பு என்று மெடிக்கல் வார்டுக்காரருக்கு வேண்டியவை பெரும்பாலும் அதில் உண்டு. கைப்பேசியில் நன்றாக வேலை செய்கிறது. பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்தில் இருந்தே தொடங்குகிறது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. இரவுப் பணியில் விடியற்காலை மூன்று மணிக்கு, தேநீர்க் கோப்பையோடு ஸ்டாஃப் ரூமில் கிடைக்கும் இருபது நிமிடத்தில், பெல் அடித்தால் கைப்பேசியை அப்படியே பையில் போட்டுவிட்டு ஓடி, நாற்பது நிமிடம் கழித்து வந்து அதே படத்தில் இருந்து தொடர முடிந்தது. கணினி முன்னால் ஒரே மூச்சில் உட்காரச் சொல்லும் பாடங்கள் எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது.

படுக்கைப் புண் பாடத்தைப் பற்றி நல்லபடியாகவே சொல்ல வேண்டும். பயிற்சியில் நாங்கள் படித்ததெல்லாம் தோல் சிவக்கிறதா, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்ப்பது. கறுத்த மேனியில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பாடத்தில் குதிகாலும் வால் எலும்புப் பகுதியும் வெவ்வேறு நிறத் தோல்களில் எப்படித் தெரியும் என்று படங்களை அருகருகே வைத்திருக்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்பாமல், பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, அந்த இடத்தில் நோயாளிக்கு வலிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும் கேட்கவும் சொல்லியிருக்கிறார்கள். அதை முடித்த வாரத்திலேயே ஒரு பெரியவரின் குதிகாலைக் கைவைத்துப் பார்த்தபோது, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் தோல் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கி வைத்துவிட்டு, பொறுப்பில் இருந்த சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் ஐந்து ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட்களில் ஒன்று இதில் இருந்து பிறந்தது. நோயாளி யாரென்று அடையாளம் தெரியும் எந்தத் தகவலையும் எழுதக் கூடாது என்பதால், அதிலும் அவர் வெறும் 'ஒரு முதியவர்'தான்.

செப்சிஸ் பாடம் அப்படி இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பழைய பாடத்தைப் புதுப்பிக்காமல் விற்பதால் வரும் ஆபத்து இதில்தான் கண்கூடாகத் தெரிந்தது. நோயாளியின் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பநிலை முதலியவற்றுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டும் நியூஸ் அட்டவணை 2012இல் வந்தது. அதைத் திருத்தி 2017 டிசம்பரில் நியூஸ்2 வந்தது. அந்தத் திருத்தத்தில் எங்களுக்கு மிக முக்கியமானவை இரண்டு. முதலாவது, சுயநினைவைக் குறிக்கும் எழுத்துகளோடு புதிதாக ஏற்பட்ட குழப்பத்துக்கு என்று ஓர் எழுத்து சேர்ந்தது. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று இடம் பொருள் தெரியாமல் பேசினால் அதற்கு மட்டுமே மூன்று புள்ளி. இரண்டாவது, நாள்பட்ட நுரையீரல் நோயால் ரத்தத்தில் கரியமிலவாயு தேங்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் செறிவின் இலக்கு 88 முதல் 92 சதவீதம் என்று வைத்து, அவர்களுக்குத் தனி அளவுகோல் வந்தது. நான் பணம் கட்டிப் படித்த பாடத்தில் இந்த இரண்டுமே இல்லை. படத்தில் இருந்ததும் பழைய அட்டவணைதான்.

தேர்வின் ஏழாவது கேள்வியில், மூச்சு சற்று வேகமாகவும் பேச்சில் புதிய குழப்பத்தோடும் இருக்கும் ஒரு மூதாட்டியின் அளவீடுகளைக் கொடுத்து மொத்தப் புள்ளி கேட்டார்கள். நான் குழப்பத்துக்கு மூன்றைச் சேர்த்துப் பதில் சொன்னேன். சிவப்புக் குறியோடு 'தவறு' என்று வந்தது. மூன்றைக் கழித்துவிட்டு மறுபடி போட்டேன். பச்சைக் குறி, வாழ்த்துச் செய்தி, சான்றிதழ். மூன்று புள்ளிதானே என்று இதை விட்டுவிட முடியாது. மொத்தம் ஐந்தைத் தொட்டால் மருத்துவரை அவசரமாகக் கூப்பிட வேண்டும், ஏழைத் தொட்டால் அவசரநிலைக் குழு வர வேண்டும். 2024 ஜனவரியில், சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் செப்சிஸ் வழிகாட்டுதலையே நியூஸ்2 புள்ளிகளை அடிப்படையாக வைத்துத் திருத்தி, ஏழும் அதற்கு மேலும் என்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், ஐந்து, ஆறு என்றால் மூன்று மணி நேரத்துக்குள்ளும் ஆன்டிபயாடிக் என்று நேரத்தையும் அதோடு கட்டிவிட்டது. அந்த மூதாட்டி உண்மையில் என் வார்டில் இருந்து, இந்தப் பாடத்தை மட்டும் படித்த ஒருவர் அவருக்குப் புள்ளி போட்டிருந்தால், யாரும் ஓடிவந்திருக்க மாட்டார்கள்.

இதை எழுதி வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். மூன்று நாளில், 'எங்கள் பாடங்கள் அனைத்தும் நிபுணர்களால் தயாரிக்கப்பட்டவை, என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றவை' என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது. என்.எம்.சி. பதிவுக்கு வழிவிடும் படிப்புகளையும், மருந்து பரிந்துரைக்கும் தகுதி போன்ற சில படிப்புகளையும் அங்கீகரிக்கிறதே தவிர, இப்படிப்பட்ட சி.பி.டி. பாடங்களுக்கு அங்கீகார முத்திரை குத்துவதில்லை. எந்த வகைக் கற்றல் வேண்டும் என்றுகூட அது வரையறுப்பதில்லை, அவரவர் பணிக்குப் பொருந்துவதை அவரவரே தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறது. தளங்களில் காணும் 'சி.பி.டி. சான்று பெற்றது' என்ற முத்திரைகள் தனியார் அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு தருபவை. அவற்றால் கெடுதல் இல்லை, ஆனால் ரீவாலிடேஷனுக்கு அவை தேவையும் இல்லை. நான் இரண்டாவது கடிதம் எழுதிய பிறகு ஆறு வாரத்தில் செப்சிஸ் பாடத்தை எடுத்துவிட்டு, 'விரைவில் புதிய பதிப்பு' என்று பலகை வைத்தார்கள். என் சந்தா முடியும் வரை அந்தப் பலகைதான் இருந்தது. வாங்க நினைப்பவர்கள் ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தத் தளத்தில் அது இல்லை. அதை நான் சேரும் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்தது மணிக்கணக்கு. சான்றிதழில் 'மூன்று மணி நேரம்' என்று அச்சிட்டிருந்த மருந்துப் பிழைகள் பாடத்தை, குறிப்பெடுத்துக்கொண்டு, ஒரு காணொலியை இரண்டாம் முறை பார்த்தும், ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். என்னைவிட வேகமாகப் படிக்கும் தோழி அரை மணியில் முடித்தாள். போர்ட்ஃபோலியோ என்ற என் கற்றல் கோப்பில் எந்த எண்ணை எழுதுவது? சான்றிதழ் கையில் இருக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். கேட்பார்களோ இல்லையோ, உறுதிமொழியில் கையெழுத்து என்னுடையது. விதித்தொகுப்பின் நான்கு பகுதிகளில் ஒன்றே தொழிலின் மீதான நம்பிக்கையைக் காப்பது பற்றியது. நான் ஐம்பது நிமிடம் என்றே எழுதினேன். இப்படி உண்மை நேரத்தைப் போட்டுக் கூட்டியபோது, ஓராண்டில் முடித்த பதினொரு பாடங்களில் இருந்து எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சான்றிதழ்களின்படி கூட்டினால் இருபத்தாறு.

சந்தாவில் மாதம் ஒரு நேரலை வகுப்பும் அடக்கம். பங்கேற்பு மணி நேரத்தை இவற்றால் ஈடுகட்டலாம் என்று எண்ணி மூன்றில் கலந்துகொண்டேன். முதல் இரண்டிலும் நூறு பேருக்கு மேல் இருந்தோம். அரட்டைப் பெட்டி மூடப்பட்டிருந்தது. பேசியவர் தம் படவில்லைகளை வாசித்துவிட்டு விடைபெற்றார். நேரலை என்ற பெயரைத் தவிர அதற்கும் பதிவுக் காணொலிக்கும் வேறுபாடு இல்லை. அதைப் பங்கேற்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, மறதிநோய் உள்ளவர்களுக்கு வலியை எப்படிக் கண்டறிவது என்பது பற்றியது. அதில் எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து இருபது நிமிடம் பேசவிட்டார்கள். பராமரிப்பு இல்லத்தில் பணியாற்றும் ஒருவர், குளிப்பாட்டும்போது மட்டும் கத்தும் ஒரு பாட்டிக்குத் தோள்பட்டையில் வலி இருந்ததைத் தாம் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னார். அந்த ஒரு வகுப்பின் ஒன்றரை மணி நேரத்தை நான் தயங்காமல் பங்கேற்புக் கணக்கில் எழுதினேன். அதே தரத்தில் மற்றவையும் இருந்திருந்தால் இந்த மதிப்புரை வேறு மாதிரி அமைந்திருக்கும்.

மீதிப் பங்கேற்பு நேரத்துக்கு நான் ஒரு பென்னியும் செலவழிக்கவில்லை. எங்கள் நீரிழிவுச் செவிலியர் குழு ஆண்டுதோறும் நடத்தும் ஒருநாள் ஸ்டடி டேயில் ஆறு மணி நேரம் கிடைத்தது. அன்று எங்கள் பன்னிரண்டு பேர் கையிலும் ஆளுக்கோர் இன்சுலின் பேனாவும் ஒரு பஞ்சுத் திண்டும் கொடுத்து, நோயாளிக்குப் போடுவது போலவே போடச் சொன்னார்கள். இரண்டு யூனிட்டைக் காற்றில் வெளியேற்றி ஊசியில் மருந்து வருகிறதா என்று பார்ப்பதை மூன்று பேர் மறந்தோம். அழுத்திய பின் பத்து எண்ணும் வரை ஊசியை உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நோயாளிகளுக்கு நாங்கள் தினமும் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். ஆனால் நான் உட்படப் பாதிப் பேர் நான்கு, ஐந்திலேயே ஊசியை உருவிவிட்டோம். திண்டின்மேல் ஒரு துளி பளபளத்துக்கொண்டு நின்றது. அந்தத் துளியும் ஒரு நோயாளிக்குச் சேர வேண்டிய மருந்துதானே. யூனிட் என்ற சொல்லை முழுதாக எழுதாமல் ஆங்கிலத்தின் முதல் எழுத்தை மட்டும் போட்டால், அது பூஜ்யமாகப் படிக்கப்பட்டுப் பத்து மடங்கு மருந்து போய்விடக்கூடும் என்பதும், அப்படி அளவு மிஞ்சிப்போவதை நடக்கவே கூடாத பிழைகளின் பட்டியலில் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வைத்திருக்கிறது என்பதும் தளத்தின் நீரிழிவுப் பாடத்திலும் இருந்தன. நியாயமாகச் சொன்னால் அந்தப் பாடம் சரியாகவே இருந்தது. தாழ்சர்க்கரைக்கு 15 முதல் 20 கிராம் விரைவாகச் செரிக்கும் குளுக்கோஸ், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பரிசோதனை என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் பத்து எண்ணாமல் ஊசியை எடுக்கிறாய் என்று எந்தக் காணொலியும் என்னிடம் சொல்லவில்லை.

இவை தவிர, மருத்துவமனையில் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட் என்று மாதம் ஒரு மணி நேரம், மருத்துவர் முதல் வார்டு எழுத்தர் வரை எல்லோரும் வட்டமாக அமர்ந்து, தம் பணியில் மனத்தைத் தொட்ட நிகழ்வுகளைப் பேசும் கூட்டம் நடக்கிறது. ஆண்டில் நான்கைந்துக்குப் போனாலே கணிசமாகச் சேரும். வார்டில் மாதம் ஒருமுறை ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து விவாதிக்கிறோம். தீயணைப்புப் பயிற்சி போலப் பணியோடு நேரடித் தொடர்பில்லாத கட்டாயப் பயிற்சிகளைச் சேர்க்கக் கூடாது என்பதை நினைவில் வைத்தால் போதும். மற்றபடி என் 20 மணி நேரம் ஒன்றரை ஆண்டில் தானாக நிறைந்துவிட்டது. தனியாகப் படிக்கும் 15 மணி நேரத்துக்கும் இலவச வழிகள் உண்டு. என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு 'இ-லேர்னிங் ஃபார் ஹெல்த்கேர்' தளம் இலவசம். பாடங்கள் பார்வைக்கு அழகாக இல்லை, தேடுவதும் சிரமம்தான், ஆனால் என் துறைக்கு வேண்டியவை அங்கே ஏராளம். ஓப்பன் யுனிவர்சிட்டியின் ஓப்பன்லேர்ன் எல்லோருக்கும் இலவசம். முடித்தால் பங்கேற்புச் சான்றும் தருகிறார்கள்.

அப்படியானால் இந்த 48 பவுண்டுத் தளம் யாருக்கு? என்.எச்.எஸ். ஊழியராக இல்லாமல் ஏஜென்சியிலோ, சிறிய பராமரிப்பு இல்லத்திலோ பணியாற்றி, படிக்க வேறு வாசல் இல்லாதவர்களுக்கும், இரவுப் பணியின் இடைவெளிகளில் மட்டுமே படிக்க முடிகிறவர்களுக்கும் ஓராண்டுக்கு வாங்கலாம் என்பேன். அதுவும் செப்சிஸ் போல விதி மாறிக்கொண்டே இருக்கும் தலைப்புகளை விட்டுவிட்டு, படுக்கைப் புண், மறதிநோய், மருந்துப் பிழைகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துப் படிப்பதானால். 2015இல் 100 பவுண்டில் இருந்து 120 பவுண்டாக உயர்ந்த பதிவுக் கட்டணமே நம் சம்பளத்தில் உறுத்தும்போது, மேலும் 48 பவுண்டை யோசித்துத்தான் செலவிட வேண்டும். (அந்தப் பதிவுக் கட்டணத்துக்கு வருமான வரியில் சலுகை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, கேட்டு வாங்குங்கள்.) தேதி நெருங்கிவிட்டதே என்று கடைசி மாதத்தில் ஓடிப்போய் வாங்குபவர்களுக்குத்தான் இது சற்றும் உதவாது. விண்ணப்பம் திறப்பது அறுபது நாள் முன்னதாக. அதற்குள் 20 மணி நேரப் பங்கேற்பை எந்தச் சந்தாவாலும் வாங்க முடியாது. தேதி தவறிப் பதிவு காலாவதியானால், மறுபடி சேரும் வரை செவிலியராக ஒரு ஷிஃப்ட்கூடச் செய்ய முடியாது.

உரையாடலுக்காக வார்டு சிஸ்டரின் முன் உட்கார்ந்தபோது, என் சான்றிதழ்க் கட்டை அவர் புரட்டிப் பார்த்து மூடிவைத்துவிட்டு, "இதில் எதைப் படித்த பிறகு நீங்கள் செய்யும் விதம் மாறியது?" என்று கேட்டார். ஐந்து பவுண்டுச் சான்றிதழோ ஐந்நூறு பவுண்டுச் சான்றிதழோ, அந்தக் கேள்விக்கு உதவாது. பெரியவரின் குதிகாலைப் பற்றியும் பஞ்சுத் திண்டின்மேல் நின்ற துளியைப் பற்றியும் சொன்னேன். நாற்பது நிமிடம் பேசினோம். ஒன்று தளத்தில் இருந்து வந்தது, மற்றது தளத்துக்கு வெளியில் இருந்து.

சந்தாவை நான் நீட்டிக்கவில்லை. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது; அதை நிறுத்தும் பொத்தான் கணக்குப் பக்கத்தில் இல்லாமல், பில் விவரங்களுக்குள் மூன்று சொடுக்கு தள்ளி ஒளிந்திருக்கிறது. சந்தா முடிந்த மறுநாள் உள்ளே போக முயன்றால் பழைய சான்றிதழ்களும் பூட்டப்பட்டுவிடுகின்றன. நான் இரண்டைப் பதிவிறக்காமல் விட்டுவிட்டு, அவற்றுக்காக மின்னஞ்சல் எழுதிப் பத்து நாள் காத்திருந்தேன். ஒவ்வொரு பாடத்தையும் முடித்த அன்றே சான்றிதழை இறக்கி, செலவான உண்மை நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.